நிறுத்துகிற இடத்தில் இரைச்சல்

சமுத்திரம் என்கிற பேரைக் காளீஸ்வரி முதன்முதலில் கேட்டது வன்னியம்பட்டிப் பொங்கலில். ஆர்க்கெஸ்ட்ரா மேடையில் ஒருத்தர் மைக்கைப் பிடித்துக்கொண்டு டிரம்ஸ் இன்னார், கீபோர்டு இன்னார் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், "லீடு கிடார், ராஜபாளையம் சமுத்திரம்!" என்று இழுத்துச் சொன்னார். ஒல்லியாக ஒருத்தன், தலையை நிமிர்த்தாமலே கம்பியில் ஒரு இழுப்பு இழுத்தான். பந்தலில் இருந்த இளவட்டமெல்லாம் விசிலடித்தது. பக்கத்தில் கடலை உடைத்துக்கொண்டிருந்த பெரியம்மா சண்முகத்தாய் அவளைத் தொடையில் இடித்தாள்.

"ஏட்டி, அது யாருன்னு தெரியுதா?"

"தெரியலையே."

"உங்கப்பனோட சித்தப்பா மக பெத்தம்மா இருக்காள்ல, ராஜபாளையத்துல மில் பிட்டர் ஐயாதுரைக்கு வாக்கப்பட்டவ. அவ பெத்தவன். உனக்கு அத்தை மகன்டி. முறை மாப்பிள்ளை அங்க நின்னு கம்பியைச் சொறியுதான், நீ இங்க வாயைப் பொளந்துக்கிட்டு உக்காந்திருக்க."

பெரியம்மா விளையாட்டுக்குச் சொன்னது அடுத்த தையில் கல்யாணமாக முடிந்தது. காளீஸ்வரியின் அப்பா சோலைச்சாமி ஸ்ரீவில்லிபுத்தூரில் போலீஸ் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கொட்டடிக்கிறவனுக்கா பொண்ணு என்று முதலில் முறைத்தார். கொட்டு இல்லை மாமா, கிடார் என்று மாப்பிள்ளையே சொன்னான். அதற்குப் பொறவு அவர் எதுவும் கேட்கவில்லை.

கல்யாணத்துக்குக் கால் நட்ட கதையைப் பெத்தம்மாள் மருமகளிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அந்த வீடு ஐயாதுரை கிரயத்துக்கு வாங்கியது. மலையடி மண், எங்கே குத்தினாலும் ஒரு முழத்தில் பாறை தட்டும். பந்தக்கால் நடுகிற அன்றைக்கு ஐயாதுரையே கடப்பாரையைக் கையில் எடுத்தாராம். ஈசானி மூலையில் போட்டதும் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கிவிட்டதாம். அம்புட்டுப் பேரும் நல்ல சகுனம் என்று சொன்னார்களாம். குழிக்குள் ஏதோ பழைய துணிக்கொடிக் கம்பி குறுக்கே கிடந்ததாம், அதை வெட்டித் தூரப் போட்டுவிட்டு மூங்கிலோடு சேர்த்துக் கல்யாண முருங்கைக் கொப்பையும் ஊன்றினாராம். பந்தலைப் பிரித்த பிற்பாடு மூங்கில் போனது, கொப்பு நின்றது. மூன்றாம் வாரமே துளிர் விட்டது.

"தழைச்சிருச்சு பாத்தியாட்டி. இது தழைக்கிற மாதிரி நீங்களும் தழைப்பீய," என்று பெத்தம்மாள் தினமும் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினாள். கொப்பு மரமாயிற்று, பங்குனியில் சிவப்பாகப் பூத்தது. காளீஸ்வரிக்கு வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. மதுரை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். மாமியார் ஒரு சொல் சொன்னதில்லை. மரத்துக்கு ஊற்றுகிற தண்ணீரை மட்டும் நிறுத்தவில்லை.

கொரோனா வந்த வருசம் கோயில் கொடை எல்லாம் நின்றது, ஆர்க்கெஸ்ட்ரா கலைந்தது, பெத்தம்மாளும் போய்ச் சேர்ந்தாள். திரும்பத் திருவிழாக்கள் வந்தபோது கீபோர்டுக்காரரும் ஒரு லேப்டாப்புமே மேடையில் இருந்தார்கள். "கிடார் சத்தம் இதுலயே வருதுப்பா, அதுக்குத் தனியா ஒரு ஆளு எதுக்கு?" என்று கமிட்டிக்காரர்கள் சமுத்திரத்திடமே கேட்டார்கள். அவன் பேண்டேஜ் துணி நெய்கிற பவர்லூம் செட்டில் தறி ஓட்டப் போனான். வேலை முடிந்து வந்து, கரண்டில் மாட்டாமலே கிடாரை மடியில் வைத்து வாசிப்பான். தகர டப்பாவைச் சுண்டுகிற மாதிரிதான் கேட்கும். அவனுக்கு மட்டும் அது வேற மாதிரி கேட்டிருக்கும்.

அப்போதுதான் விஜயபாண்டி போன் போட்டான். பழைய ஆர்க்கெஸ்ட்ராவில் டிரம்ஸ் அடித்தவன், இப்போது சென்னையில் ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் உதவியாளன்.

"அண்ணே, எங்க சாருக்கு ஒரு சண்டைப் பாட்டுக்கு லீடு வேணும். இங்க இருக்கிறவங்க வாசிக்கிறது அவருக்குப் பிடிக்கல. கரகரன்னு, மண்ணுல பொரண்டு வந்த மாதிரி வேணுங்காரு. நான் உங்க பேரைச் சொல்லிட்டேன். வீட்டுல இருந்தே ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க. பிடிச்சுப்போச்சுன்னா இங்கயே வந்துரலாம், ஸ்டுடியோவுல ஆளு தேடிக்கிட்டுத்தான் இருக்காவ."

அந்த வாரக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். கிடாரையும் லேப்டாப்பையும் சேர்க்கிற சின்னப் பெட்டி ஒன்றை விஜயபாண்டியே பஸ் பார்சலில் போட்டுவிட்டான். ஒரு பழைய லேப்டாப்பும் அதோடு வந்தது. சமுத்திரம் தறி செட்டில் லீவு சொல்லிவிட்டு வந்தான். அவன் அப்படிச் சிரித்து காளீஸ்வரி ரொம்ப நாளாகப் பார்க்கவில்லை.

பெட்டியில் மாட்டினான். கிடாருக்கும் பெட்டிக்கும் நடுவில் டிஸ்டார்ஷன் பெடல், அதாவது காலால் மிதிக்கிற ஒரு டப்பா. அதை மிதித்தால்தான் கிடார் தகரத்தைக் கிழிக்கிற மாதிரி கத்தும். மிதித்தான். கிடார் வாயைத் திறக்கும் முன்னாலேயே ஹெட்போனில் 'ங்ங்ங்' என்று ஒரு இரைச்சல். தேன்கூட்டுக்குள் தலையை விட்ட மாதிரி.

"மேடையில இப்படி இரையாதே மச்சான்?"

"இரையும்டி. ஆயிரம் பேரு கத்துற எடத்துல அது யாரு காதுல விழும்? இந்தப் பெடலு கிடாரை மட்டும் பெருசாக்காது. அதுக்குப் பின்னாடி பதுங்கிக்கிட்டு இருக்கிற எல்லாத்தையும் சேத்துப் பெருசாக்கும்."

அந்தப் பாட்டு வேறு நிறுத்தி நிறுத்திப் போகிற பாட்டு. நாலு அடி அடித்துவிட்டு 'டக்'கென்று நிற்க வேண்டும். அந்த நிறுத்தத்தில் குண்டூசி விழுந்தால் கேட்க வேண்டும். கடைசியில் ஒரே ஒரு சுரத்தை நீளப் பிடித்து, அது தானாகத் தேய்ந்து மறைய வேண்டும். வாசிக்கும்போது இரைச்சல் அடியில் போய் ஒளிந்துகொள்ளும். கையை எடுத்ததும் எழுந்து நிற்கும்.

டியூப்லைட்டை அணைத்தான். கொஞ்சம் குறைந்தது. ஃபேன் ரெகுலேட்டரை அணைத்தான். ஃபிரிட்ஜைப் பிடுங்கினான், மாவு புளித்துப் போனது. கேபிளை மாற்றினான். பெடலுக்கு அடாப்டரை எடுத்துவிட்டுச் சதுர பேட்டரி போட்டான். கிடாரைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் சுற்றிச் சுற்றி வந்தான். சஞ்சீவி மலையைப் பார்த்து நின்றால் குறைகிறது, அடுப்படியைப் பார்த்துத் திரும்பினால் கூடுகிறது. ஐயாதுரை வாசலில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "என்னடா, கிடாருக்கு வாஸ்து பாக்கியா?" என்று கேட்டார்.

விஜயபாண்டியிடம் கேட்டதில், லேப்டாப்பிலேயே 'கேட்' என்று ஒன்று இருக்கிறது, சத்தம் குறைந்தால் அதுவே கதவை மூடிவிடும் என்றான். போட்டுப் பார்த்தான். நிறுத்தங்களில் இரைச்சல் போனது. கடைசிச் சுரம் தேய்ந்து வருகிறபோது பாதியிலேயே கழுத்தை அறுத்த மாதிரி நின்றது. இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டிவிட்டு எடுத்துவிட்டான்.

"எங்கப்பா வீட்டுக்குப் போவமா? அங்க வயரிங் எல்லாம் புதுசு," என்று காளீஸ்வரிதான் சொன்னாள்.

அத்தனையையும் கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனார்கள். சோலைச்சாமி மருமகனுக்காகக் கறி எடுத்து வந்திருந்தார். மாட்டி, மிதித்தான். 'ங்ங்ங்' இல்லை. காளீஸ்வரிக்கு உயிர் வந்தது. செத்த நேரம் கழித்துப் 'பொறபொற, டிட்டிட்டி' என்று ஒரு பொரிச்சல் கிளம்பியது. சமுத்திரம் ஹெட்போனைக் கழற்றிவிட்டு மேலே பார்த்தான். மொட்டை மாடியில் செல்போன் கம்பெனி டவர் நின்றது. மாமனார் இடம் கொடுத்து இரண்டு வருசம் ஆகியிருந்தது.

சோலைச்சாமி ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார். "ஸ்டேஷன்ல வயர்லெஸ் செட்டு இப்படித்தான் மாப்பிள்ளை கத்தும். அதுலயும் ஒரு எளவும் விளங்காது."

"கிடாரு அதைப் பிடிக்குது மாமா."

"அப்ப டவரைக் கழட்டச் சொல்லுதீயளா?"

கறிச்சோறு தின்றுவிட்டு ராஜபாளையம் திரும்பினார்கள். பஸ்ஸில் அவன் கிடார் பையை மடியில் வைத்து, கீழே விழுந்துவிடப்போகிற பிள்ளையைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்திருந்தான்.

மறுநாள் ஒன்று கவனித்தான். கம்பியில் கை வைத்தால் இரைச்சல் அடங்குகிறது, எடுத்தால் எழும்புகிறது. கை வைக்கிற இடத்தில், ஃபிரிட்ஜைத் தொட்டால் வருமே அதே மாதிரி, எறும்பு கடிக்கிற ஒரு சுருக். காளீஸ்வரி அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள், "ஆளு தொட்டா அடங்குதுன்னா நான் தொட்டுக்கிட்டே இருக்கேன் மச்சான், நீங்க வாசிங்க," என்று ஈரக்காலோடு வந்து உட்கார்ந்து, கேபிள் மூக்கில் இருந்த இரும்பைப் பிடித்தாள். வெடுக்கென்று தோள் வரைக்கும் இழுத்துத் தள்ளியது. சுவரில் போய் மோதி உட்கார்ந்தாள். சமுத்திரம் ஒயரோடு பிளக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவளை மடியில் போட்டுக்கொண்டு, "ஏட்டி, ஏட்டி," என்று கன்னத்தைத் தட்டினான்.

"சாகலை. வாசிங்க," என்றாள்.

அவன் வாசிக்கவில்லை. தெருக்கோடியில் இருந்த எலக்ட்ரீசியன் மாரீஸ்வரனைப் போய்க் கூட்டி வந்தான். மாரீஸ்வரன் பிளக் ஓட்டைகளில் டெஸ்ட் லாம்பை வைத்து வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இந்த வீட்டுக்கு எர்த்தே இல்லையே," என்று ஐயாதுரையைப் பார்த்தான்.

"வாங்கும்போதே இருந்துச்சேப்பா."

"எங்க இருந்துச்சு?"

அவருக்குத் தெரியவில்லை. மாரீஸ்வரன் மீட்டர் பெட்டியில் இருந்து சுவரோரமாக ஒரு வெள்ளி நிறக் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனான். சிமெண்டுத் தரைக்குள் போய், மரத்தடியில் வெளியே வந்து, ஒரு சாண் நீட்டிக்கொண்டு துண்டாக நின்றது.

"எர்த்துக் குழி இந்த எடம்தான். கரியும் உப்பும் போட்டு நெரப்பியிருப்பாவ. அதான் பாறைக் காட்டுல இங்க மட்டும் மண்ணு பொதபொதன்னு கெடக்கு. இந்தக் கம்பியை யாரு வெட்டுனது?"

ஐயாதுரை நின்ற இடத்திலேயே நின்றார். "துணிக்கொடிக் கம்பின்னு நெனைச்சேன்," என்றார். காளீஸ்வரிக்கு அவர் பக்கம் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. கால் நட்டபோது கடப்பாரை வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது இதனால்தான்.

அடியில் இருந்த பைப் துருப்பிடித்து, வேர் சுற்றிக் கிடந்தது. வேற இடத்தில் தோண்டலாமா என்று இரண்டு இடத்தில் குத்திப் பார்த்தான் மாரீஸ்வரன். கடப்பாரை டங்கென்று எகிறியது. கையை உதறிக்கொண்டு மரத்தைப் பார்த்தான். வாயால் சொல்லவில்லை.

சமுத்திரம்தான் சொன்னான். "வேண்டாம். எங்கம்மா ஊத்துன தண்ணி. போகட்டும், விடு."

"போகட்டும்னா எது போகட்டும்?" காளீஸ்வரி கேட்டாள். "தறிக்கே போறீயளா? சாவுற வரைக்கும் தகர டப்பாவைச் சுண்டுவீயளா?"

"அது நம்ம கல்யாணத்துக்கு நட்டது காளி."

"நட்டு எம்புட்டு வருசமாச்சு. மரம் தழைச்சுச்சு. நம்ம தழைச்சோமா?"

அரிவாளை அவளே எடுத்து வந்து மாரீஸ்வரனிடம் கொடுத்தாள். மென்மையான மரம், சீக்கிரம் சாய்ந்தது. ஐயாதுரை எழுபது வயசுக்கு மேல் ஆகியும் யாரையும் விடாமல் தானே குழிக்குள் இறங்கி வேரைப் பிடுங்கினார். புதுப் பைப் இறக்கி, கரி ஒரு அடுக்கு, கல் உப்பு ஒரு அடுக்கு என்று போட்டு மூடித் தண்ணீர் ஊற்றினார்கள்.

"வெயில் காலத்துல தெனம் ஒரு குடம் ஊத்துங்க மதினி. காஞ்சா எர்த்து எடுக்காது," என்றான் மாரீஸ்வரன்.

மாட்டி, மிதித்தான். கையில் சுருக் இல்லை. தேன்கூட்டு இரைச்சல் சுத்தமாகப் போயிருந்தது. அது போன இடத்தில், அடியில், ஊசி மாதிரி மெலிசாக இன்னொரு இரைச்சல் இருந்தது. 'ஞிஞிஞி' என்று. அதற்கு முன்னால் பெரியது இருந்ததால் இது காதில் விழவில்லை.

மாரீஸ்வரன் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தான். பின்சுவருக்கு அந்தப் பக்கம், புதுத் தறி செட்டுக்காக அந்த வருசம்தான் டிரான்ஸ்பார்மர் வைத்திருந்தார்கள்.

"இது ஒயர் வழியா வரலண்ணே, காத்துல வருது. உங்க கிடாருல கம்பிக்கு அடியில இருக்கிற செப்புச் சுருளு அதை இழுக்குது. வேற மாதிரி சுருளு வச்ச கிடாரு வேணும். இல்ல வீட்டை மாத்தணும்."

"டிரான்ஸ்பார்மர மாத்தச் சொல்லேன்," என்றார் ஐயாதுரை. யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கச் சொல்லவில்லை.

போகும்போது வாசலில் நின்று மாரீஸ்வரன், "நாளைக்கு நம்ம ஏரியா மாசாந்திர ஷட்டவுன். காலையில இருந்து கரண்டு இருக்காது. அப்ப எதுவுமே இரையாது பாத்துக்கிடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அனுப்ப வேண்டிய நாளும் அந்த நாளும் ஒன்றாக வந்தது. லேப்டாப் பேட்டரி கிழடு, சார்ஜர் இல்லாமல் அதிக நேரம் நிற்காது. ஒரு இன்வெர்ட்டரைக் கொண்டுவந்து மாட்டிப் பார்த்தார்கள், அது எல்லாவற்றையும் விட மோசமாக அலறியது. சரி, இருக்கிற பேட்டரியிலேயே ஒரே தடவையில் வாசித்து முடிப்பது என்று சமுத்திரம் முடிவு செய்தான்.

காலையில் கரண்டு போனது. தறி செட்டெல்லாம் ஒவ்வொன்றாக நின்றது. அந்தத் தெருவில் அப்படி ஒரு அமைதியைக் காளீஸ்வரி கேட்டதில்லை, காகம் கத்துவதுதான் பெரிய சத்தமாக இருந்தது. சமுத்திரம் ஹெட்போனை அவள் தலையில் மாட்டினான்.

"நீ கேளு. எந்த எடத்துலயாவது இரைஞ்சா கையைத் தூக்கு. எனக்கு விரலு தெரியும், போதும்."

பெடலை மிதித்தான். அவள் காதில் ஒன்றுமே இல்லை. கிணற்றுக்குள் இருக்கிற மாதிரி. அப்புறம் அவன் கை விழுந்தது.

வன்னியம்பட்டியில் கேட்டது இதில் கால்வாசி இல்லை. மலை சரிந்து வருகிற மாதிரி வந்து, டக்கென்று நின்றது. நின்ற இடத்தில் அவள் மூச்சே அவளுக்குக் கேட்டது. திரும்ப வந்தது, நின்றது. ஐயாதுரைக்கும் அவனுக்கும் கேட்டதெல்லாம் வெறும் டக்கு டக்கென்ற கம்பிச் சத்தம்தான். இவள் ஒருத்தி மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, தூக்க வேண்டிய கையைத் தூக்காமலே உட்கார்ந்திருந்தாள். கடைசிச் சுரத்தைப் பிடித்து நிறுத்தினான். அது நீண்டது, நீண்டுகொண்டே போனது, மெலிய ஆரம்பித்தது, மறைந்தது.

கண்ணைத் திறந்தாள். "இரையவே இல்ல மச்சான்."

அவன் விரல் இன்னும் கம்பியிலேயே இருந்தது. கம்பி இன்னும் அதிர்ந்துகொண்டுதான் இருந்தது. அவன் லேப்டாப்பைப் பார்த்தான். அது கறுப்பாக இருந்தது.

கரண்டு வந்த பிறகு சார்ஜரைப் போட்டுத் திறந்து பார்த்தார்கள். உள்ளே ஒன்றும் பதியவில்லை. சேமிக்கிற முன்னாலேயே செத்திருந்தது. பின்சுவருக்கு அந்தப் பக்கம் 'ஞிஞிஞி' தொடங்கியிருந்தது. அதிலேயே ஒருதரம் வாசித்துச் சென்னைக்கு அனுப்பினான்.

விஜயபாண்டி பதில் பேசி அனுப்பினான். காளீஸ்வரி அதை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறாள். "அண்ணே, வாசிப்பு பிரமாதம்னாரு சார். நிறுத்துற எடத்துல இரையுதாம்ணே. தேய்ச்சுப் பாத்தோம், போக மாட்டேங்குது. வேற ஆள வச்சு எடுத்துட்டாவ. தப்பா நினைக்காதீய. பெட்டியையும் லேப்டாப்பையும் பஸ்ஸுல போட்டு விட்டுருங்க."

போட்டுவிட்டான். தறிக்குப் போனான். வீட்டில் எங்கே உட்கார்ந்தாலும் தலையைச் சாய்த்து எதையோ கேட்டான். "கேக்குதா?" என்று அவளைக் கேட்பான். அவளுக்குக் கேட்காது. கிடாரை மடியில் எடுப்பதும் நின்றது. ஒருநாள், சொல்லித்தான் பார்ப்போமே என்று அவள், "அன்னைக்கு நீங்க வாசிச்சத நான் கேட்டேன் மச்சான். எல்லாத்தையும் கேட்டேன்," என்றாள்.

"நீ கேட்டா ஆச்சா?" என்றான். அதோடு எழுந்து வெளியே போனான்.

வெட்டின மரம் திரும்பத் துளிர்க்குமா என்று ஐயாதுரை அந்தக் கோடை முழுக்க மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உப்புப் போட்ட குழி. ஒன்றும் முளைக்கவில்லை. காளீஸ்வரி அதில் தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறாள், எர்த்து காயக்கூடாதே. ஃபிரிட்ஜைத் தொட்டால் இப்போது சுருக்கென்று இல்லை.

தறி செட்டும் போன வருசம் ஆட்களைக் குறைத்தது. சமுத்திரம் இப்போது ஆலங்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கல் கிரஷரில் வேலை பார்க்கிறான். அங்கேயே தகரக் கொட்டகையில் தங்கல், மாசத்துக்கு ஒருதரம் வீட்டுக்கு வருகிறான்.